மோதிர விரலின் சுடுகிற பாதி

சுந்தரம்மாளின் கையை நான் முதலில் அறிந்தது என் நெற்றியில். மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா முடிந்து ஒன்பதாவது நாள், கட்டுப் பிரிக்கிற சடங்கு. அந்தக் கையில் ஒன்பது நாளாக அப்பியிருந்த மஞ்சளைப் பூசாரி சின்னராஜ் விரலால் வழித்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் இட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் இட்டார். அரைத்த மஞ்சளுக்கு அந்த வழவழப்பு கிடையாது. மூக்கோரம் ஒரு துளி இறங்கியபோது வாடை தெரிந்தது. மஞ்சளுக்கு அடியில், வேப்பிலைக்கு அடியில், வெயிலில் மறந்துபோன இறைச்சியின் வாடை. எனக்கு முன்னால் நின்ற கிழவர் தன் பங்கை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வேலையில் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. புதூர்நாட்டைச் சுற்றியுள்ள மலை ஊர்களில், பக்கவாதம் வந்தவர்களின் வீட்டுக்குப் போய் கைகால் மடக்கி நீட்டுகிற வேலை. மலையில் என் பெயர் 'கை கால் நீவுற சார்'. அத்தனை பேர் முன்னால் நெற்றியைத் துடைக்கக் கூச்சமாக இருந்தது. கோயிலுக்குப் பின்னால் போய்க் கைக்குட்டையால் தேய்த்தேன். கைக்குட்டையைப் புதருக்குள் எறிந்தேன். அன்று மூன்று முறை முகம் கழுவியும் வாடை போகவில்லை. போகாதது மூக்கிலா, நினைப்பிலா என்று தெரியவில்லை.

இது எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. சுந்தரம்மாள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

நாற்பத்திரண்டு வயது. மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்து, பதினேழு வயதில் அர்ச்சுனனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தப் பக்கம் வந்தவர். ஒரு ஏக்கர் சாமை, கொஞ்சம் கேழ்வரகு, பங்குனியில் புளி உலுக்கல். நதியா என்று ஒரே மகள். வாய் மட்டும் பெரிய வாய் என்று ஊரில் சொல்வார்கள். மற்றபடி அர்ச்சுனன் பெண்டாட்டி என்பதற்குமேல் அவருக்கு அங்கே பெயர் இருந்ததில்லை. கல்யாண வீடுகளில் தண்ணீர் தூக்கக் கூப்பிடுவார்கள், தாம்பாளம் தூக்கக் கூப்பிட மாட்டார்கள்.

பெயரைக் கொடுத்தது கைதான். அந்த ஊரில் ஆடித் திருவிழாவன்று, விரதம் இருக்கிற பெண்கள் கொதிக்கிற எண்ணெயிலிருந்து வெறுங்கையால் வடை எடுப்பார்கள். மஞ்சள் நீரில் கையை நனைத்து, விரல் நுனியால் சட்டென்று தட்டி வெளியே தள்ளுவார்கள். கண் இமைக்கிற நேரம். ஆனாலும் கொப்புளம் வரும். அம்மை வந்தால் முத்துப் போட்டிருக்கிறது என்பதுபோல அந்தக் கொப்புளத்துக்கும் முத்து என்றுதான் பெயர். முத்துக்கு மருந்து போடக் கூடாது. மஞ்சளும் வேப்பிலையும் அப்பித் துணி சுற்றி ஒன்பது நாள் மூடிவைக்க வேண்டும்.

சுந்தரம்மாள் தட்டவில்லை. நான் மலைக்கு வருமுன்பே, அவர் விரதம் இருந்த முதல் வருடமே, சுண்டுவிரலை எண்ணெய்க்குள் விட்டு, வடையின் ஓட்டையில் மாட்டி, மெதுவாகத் தூக்கினார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மாட்டுவதற்கு ஏற்றாற்போல அவருடைய சுண்டுவிரல் முன்பே வளைந்திருந்தது. அன்றிலிருந்து அவர் 'கையம்மா'.

"பாத்துக்கினியா சார், ஆத்தா வெரல வளைச்சுக் குடுத்துக்கீறா, வடைய மாட்றதுக்குன்னே," என்று கட்டுப் பிரித்த அன்று பூசாரி எனக்குக் காட்டினார். "உங்க டவுனு டாக்டருங்களால இப்டி வளைக்க முடியுமா?"

வளைந்த விரலைப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிப் பள்ளமாகியிருந்ததையும் பார்த்தேன். தீக்காயம் ஆறும்போது தோல் இழுத்து விரல் வளைவது உண்டு. அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு ஏதாவதாக இருந்தால் வாயைத் திறந்து பேச வேண்டியிருக்கும்.

அடுத்த வருடம் ஆடியில் எண்ணெய்ச் சட்டிக்கு ஐந்தடி தூரத்தில் நின்றேன். பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பெண்கள் தட்டி முடித்து விலகினார்கள். சுந்தரம்மாள் வந்தார். சுண்டுவிரலை மட்டும் விடுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஐந்து விரல்களையும் உள்ளே விட்டார். உள்ளங்கை முழுகியது. வடையை அள்ளினார். கட்டை விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே மேலே தூக்கினார். எண்ணெய் மணிக்கட்டு வழியாக வழிந்தது. தோல் வெள்ளையாகி உப்பியது.

கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்குப் பக்கத்தில் ஒருவன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். போன வருடத்துப் படத்தைக் காட்டச் சொன்னேன். அதில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எண்ணெய்க்கு எட்டாமல் மேலே ஒதுங்கியிருந்தன. பயந்த விரல்கள். சுடும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. இந்த வருடம் தெரியவில்லை.

அருள் கூடிவிட்டது என்றார்கள். கூடியது எதுவென்று அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது, அவனும் ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தவன்.

கைக்குப் போகிற நரம்புகள் கழுத்தெலும்புகளின் நடுவிலிருந்து கிளம்புகின்றன. தோளுக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னி, பிரிந்து, கையில் இறங்குகின்றன. ஒன்று முழங்கையின் உட்புறம், எலும்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளத்தில் போகிறது. அங்கே அதற்கு மேல் தோலைத் தவிர மறைப்பு எதுவும் இல்லை. கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் அடிக்கிறதே, அந்த இடம். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் அதன் ஆட்சி. இன்னொன்று மணிக்கட்டின் நடுவால் உள்ளங்கைக்குள் நுழைகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் மறுபாதி எல்லாம் அதனுடையவை. நம் மலைப்பாதை மாதிரிதான். ஒரே தடத்தில் ஏறுவதும் இறங்குவதும். சூடு, வலி, தொடுகை மேலே போகும். பிடி, விடு, வியர்த்துக்கொள் என்கிற கட்டளை கீழே வரும். தடம் அடைந்தால் இரண்டும் நின்றுவிடும். தோல் வியர்க்காமல் வெடிக்கும், சதை வற்றும், விரல் மடங்கும், சுடுவது சுடாது.

குளிர்ந்த இடத்தை, தோலோரம் ஓடுகிற நரம்பைத் தேடிப் பிடித்து, வருடக்கணக்காக அவசரமே இல்லாமல் அதில் குடியிருக்கிற கிருமி ஒன்று உண்டு. சுந்தரம்மாளின் முழங்கையில் அது எப்போதோ வேலையை முடித்துவிட்டிருந்தது. இப்போது மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது.

ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன், சொல்வதற்கு. கிராம செவிலியர் ஈஸ்வரியக்காவிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"அஞ்சு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

போன வருடமே வளைந்த விரலைப் பார்த்ததையும் சொன்னேன்.

"போன வருசமே பாத்தேன்னு சொல்றே. ஒரு வருசமும் அஞ்சு நாளும். நல்லா படிச்சே போ."

ஆறாம் நாள் காலை இருவரும் சுந்தரம்மாள் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் கையைத் துணிக்குள் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணியின் மேல் ஈக்கள். அவர் ஓட்டவில்லை. மகள் நதியா ஒரு வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"கட்டப் பிரிக்கணும்மா," என்றார் ஈஸ்வரியக்கா.

"இன்னும் மூணு நாள் கீது நர்சம்மா. பூசாரி வந்துதான் பிரிக்கணும்."

"வலிக்குதா?"

"ஆத்தா கைக்கு வலி ஏது?"

"ஆத்தாவ உடு. உன்னக் கேக்கறேன்."

சுந்தரம்மாள் மகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு மாசமா ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல நர்சம்மா. பாத்தாத்தான் கொக்கி கையில கீதான்னு தெரியுது. நதியாதான் மாட்டி உடுது. களி உருட்டுனா கட்ட வெரலு எங்க போச்சுன்னே தெரியல. மொதல்ல இப்டி இல்ல. மோதர வெரல்ல கோடு கிழிச்ச மாதிரி இருந்துச்சு. இந்தப் பக்கம் சுடும், அந்தப் பக்கம் சுடாது. ஒருநாள் களிப்பானைய எறக்கி வெச்சிட்டு யாரு வூட்டு அடுப்புல கோழி வாட்றாங்கன்னு மோந்து மோந்து பாக்கறேன். பாத்தா நான்தான்."

சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சேதான் எண்ணெயில உட்டியா?" என்றார் ஈஸ்வரியக்கா.

"சுடலன்னு தெரியும். ஏன் சுடலன்னு தெரியாது. ஆத்தான்னு ஊரே சொல்லுது. நானா இல்லேன்னு சொல்லுவேன்? அதுக்கு முன்னால என்னிய யாரு வூட்டுக்குள்ள கூப்ட்டாங்க?" சற்று நேரம் பொதிந்த கையைப் பார்த்தார். "இந்த வருசம் கட்ட வெரலும் சுடாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் முழுசா உட்டேன். உட்டப்பறம்தான் பயம் வந்துச்சு."

ஈஸ்வரியக்கா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, கட்டைப் பிரித்தார். உள் சுற்று துணி சதையோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து உரித்தபோது மஞ்சள் நிறத்தில் ஒன்றும் பச்சை நிறத்தில் ஒன்றும் வழிந்தன, எது மஞ்சள், எது சீழ் என்று பிரிக்க முடியவில்லை. விரல் இடுக்கில் அரிசி போல ஏதோ நெளிந்தது. இன்னொன்று. பிறகு ஒரு கொத்து. நான் எழுந்து வேலியோரம் போய் நின்றுகொண்டேன். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுந்தரம்மாள் தன் கையில் ஊர்கிற புழுக்களைக் குனிந்து பார்த்தார்.

"கூசக்கூட இல்ல பாரேன்," என்றார்.

அப்போதுதான் அழுதார்.

மூன்று நாளில் இந்தக் கையிலிருந்துதான் பிரசாதம் வழிக்கப்பட இருந்தது. அதை நினைத்ததும் என் நெற்றி எரிந்தது, ஒரு வருடத்துக்குப் பிறகு.

அன்றைக்கே கீழே கிளம்பினோம். பேருந்து மதியம்தான். அஜய் ஓட்டுகிற ஜீப்பில் பன்னிரண்டு பேரோடு ஏறினோம். ஈஸ்வரியக்கா புதுத் துணி சுற்றியிருந்தாலும் வாடை அடங்கவில்லை. எதிரில் இருந்த பெண் கையம்மாவைக் கண்டதும் அந்தக் கட்டை எடுத்துத் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். இரண்டு வளைவு தாண்டியதும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"டேய் அஜய், பலாப்பழம் அழுவிப் போச்சுடா. உள்ள எங்கியோ கீது. தூக்கிப் போடு."

"பழம்லாம் நேத்தே எறக்கிட்டேன்க்கா."

"அப்ப இன்னாடா இது? ஆடு ஏத்துனியா?"

"நீதான் ஏறிக்கீறே."

ஜீப்பே சிரித்தது. சுந்தரம்மாளும் சிரித்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டதும் மூக்கைப் பொத்தியதும் ஒரே பொருளுக்காகத்தான் என்பது கடைசி வரை அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கை அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

கீழே ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர். முதலில் காயத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் உள்ளங்கையில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். சுந்தரம்மாளின் இடது கை ஆள்காட்டி விரல் காற்றில் நின்றது, எங்கே இறங்குவது என்று தெரியாமல். மருத்துவர் முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நூல் மாதிரி வழுக்கிப் போக வேண்டியது மாட்டுக் கயிறு மாதிரி தடித்து நின்றது. முன்கையில், வளையல்களுக்கு மேலே, வெளுத்த படை ஒன்று. தேமல் என்று இத்தனை வருடம் எல்லோரும் நினைத்தது.

பிறகு மணிக்கட்டின் நடுவில் அழுத்தினார். சுந்தரம்மாள் "ஆ" என்று கையை இழுத்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"உயிரே போவுது."

"நல்லது," என்றார் மருத்துவர். "இது இன்னும் சாகலை. வீங்கிக் கிடக்கு. சுண்டுவிரல் பக்கம் போனது போனதுதாம்மா, அதை நான் திருப்பித் தர முடியாது. கட்டை விரல் பக்கம் போய் மூணு மாசம்தான் ஆகுதுங்கறீங்க. இன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சா திரும்ப வாய்ப்பிருக்கு. வீக்கத்துக்கு ஆறு மாசம், நோய்க்கு ஒரு வருஷம். நடுவுல இன்னொரு தடவை எண்ணெயில விட்டா என்கிட்ட வராதீங்க."

"இன்னா நோவும்மா இது?"

தொழுநோய் என்றார் மருத்துவர். சுந்தரம்மாள் இடது கையால் அந்த வெளுத்த படையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "பெருநோவா," என்றார். "கட்ட வெரலு வந்துடுமா? அத மட்டும் சொல்லு. அது இல்லேன்னா களி உருட்ட முடியாது, பொடவ கட்ட முடியாது, குண்டி கழுவ சொம்பு புடிக்க முடியாது. சுண்டு வெரல ஆத்தாளே வெச்சிக்கட்டும்."

"முதல் மாத்திரை போட்டாலே இது அடுத்தவங்களுக்கு ஒட்டாது. அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க," என்றார் மருத்துவர்.

ஒன்பதாம் நாள் பூசாரி மஞ்சள் வழிக்க வந்தார். கையில் வெள்ளை வெளேரென்று கட்டு.

"இன்னாம்மா இது, ஆஸ்பத்திரித் துணி?"

"ஆத்தா கனவுல வந்து வெள்ளத்துணி கேட்டா சின்னராசு. நான் இன்னா பண்றது? வேணும்னா நீ போய் அவ கையில கேளு."

பூசாரி வெள்ளைத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அந்த வருடம் பிரசாதம் இல்லை. அவர் மோசமான ஆள் இல்லை. எல்லோரையும்விட அவருக்குத்தான் நம்பிக்கை அதிகம். அதற்கு முந்தின மூன்று வருடமும் ஒவ்வோர் ஆடியிலும் விரலில் மிஞ்சியதை அவரே நக்கிக்கொள்வார் என்று நதியா சொன்னாள். நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. குமட்டுகிறது, அவ்வளவுதான்.

மாத்திரைகள் அவர் உடம்பில் தம் வேலையைக் காட்டின. வீக்கத்துக்கான மாத்திரையில் தை மாதம் முகம் வட்டமாக உப்பியது. "மாரியாத்தா மொகம்டி, அச்சு அசலா," என்று பெண்கள் காலில் விழுந்தார்கள். நோய்க்கான மாத்திரையில் தோல் கறுத்தது. கருமாரி இறங்கிவிட்டாள் என்றார்கள். சுந்தரம்மாள் திண்டாடிப்போனார்.

"மாசத்துக்கு ஒருநாள் நர்சம்மா எதுர்ல முழுங்கற மாத்தர கீதே, அன்னிக்கு மூத்தரம் செக்கச்செவேல்னு போவுது சார்," என்றார் ஒருநாள் என்னிடம். "அத மட்டும் வெளிய சொல்லல. சொன்னா அதியும் தீர்த்தம்னு குடிச்சிடுவானுங்க."

காலையில் வேலைக்குப் போகுமுன் நதியா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, துடைப்பத்து ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விரலாகத் தொடுவாள். அம்மா விரலைச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் எல்லாம் தப்பு. கார்த்திகையில் நடுவிரல் ஒரு தரம் சரி. தை முடிவில் ஆள்காட்டி விரல். நான் வாரம் ஒருமுறை போய் மடங்கிய விரல்களை எண்ணெய் தடவி நீவிவிடுவேன். ஆறிய கையைத் தொடும்போதும் அந்த அரிசிகள் நினைவுக்கு வரும். தொடுவேன்.

பங்குனியில் புளி உடைக்கிற நாளில், ஓட்டுச் சில்லு ஒன்று கட்டை விரல் நுனியில் ஏறியது. சுந்தரம்மாள் கத்திய கத்தலில் அர்ச்சுனன் மரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தார். பாம்பு என்று நினைத்தாராம். "சில்லுய்யா, சில்லு," என்று அவர் ரத்தம் வந்த விரலை ஆட்டி ஆட்டிக் காட்டியதை அர்ச்சுனன் சொன்னார். "பைத்தியம் மாதிரி சிரிக்குது சார்."

மீண்டும் ஆடி வந்தது. ஒரு வருட மாத்திரை முடிந்திருந்தது. திருவிழாவன்று காலையில் பூசாரி வீட்டுக்கு வந்தார். நானும் ஈஸ்வரியக்காவும் இருந்தோம். சுந்தரம்மாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார், நோயின் பெயர் உட்பட. பூசாரி தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு யோசித்தார்.

"சுண்டு வெரலு இன்னும் சுடாதுன்னுதானே சொல்றே?"

"சுடாது."

"அப்ப அது போதும். பழையபடி ஒரு வடைய மாட்டித் தூக்கு. மீதி வெரல ஒதுக்கிக்கோ. ஊரு ஒண்ணும் தெரிஞ்சுக்க வேணாம். நீ கையம்மாவாவே இரு. உனுக்கும் நல்லது, எனுக்கும் நல்லது."

"எண்ணெய் தெறிச்சா?" என்றார் ஈஸ்வரியக்கா.

"தெறிக்காது. ஆத்தா பாத்துக்குவா."

"இதுவரிக்கும் பாத்த லட்சணம்தான் தெரியுதே."

சுந்தரம்மாள் கொடியிலிருந்த மஞ்சள் புடவையை எடுத்தார். குளிக்கப் போய்விட்டார். ஒரு விரலை விட்டால் ஊர் காலில் விழும். விடாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பூசாரியின் யோசனை எனக்கே ஒரு நிமிடம் நியாயமாகப் பட்டது. அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பம்பை அடித்தார்கள். எண்ணெய் கொதித்தது. மற்றப் பெண்கள் தட்டிவிட்டு விலக, மஞ்சள் புடவையில் அவர் வந்து நின்றார். சுண்டுவிரலை வளைத்தபடி கையை இறக்கினார். எண்ணெய்க்கு ஒரு சாண் மேலேயே ஆவி கட்டை விரலில் பட்டது. கை தானாக வெடுக்கென்று மேலே வந்தது. அவர் இழுக்கவில்லை, அது வந்தது. முதுகுத்தண்டு வரை போய்த் திரும்புகிற அந்தக் கணக்கு மூளையைக் கேட்பதில்லை. அவர் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார். மறுபடி இறக்கினார். மறுபடி வந்தது.

"சுடுது," என்றார்.

அருள்வாக்கு என்று நினைத்துக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சுடுதுடா டேய்! மோளத்த நிறுத்து. கேக்குதா? சுடுது எனுக்கு!"

பம்பை நின்றது. வடை தட்டிக்கொண்டிருந்தவரிடம் கை நீட்டினார். "அந்த ஜல்லிக் கரண்டியக் குடு." வாங்கி, கட்டை விரலால் காம்பை இறுக்கிப் பிடித்து, எண்ணெயில் மிதந்த வடைகளை ஒரே அள்ளாக அள்ளித் தாம்பாளத்தில் கொட்டினார்.

"நாலு வருசமா சுடாம இருந்தது ஆத்தா இல்ல. நோவு. பெருநோவு. வெரல வளைச்சதும் அதான். ஒரு வருசம் மாத்தர துன்னு தீத்துட்டேன், இனிமே யாருக்கும் ஒட்டாது. இப்ப சுடுது பாரு, இத வேணா ஆத்தா குடுத்தான்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்ட கைகள் கீழே இறங்கின. பிறகு முன்வரிசையில் ஒருத்தி ஓங்கரித்தாள். போன வருடம் ஜீப்பில் கட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றியவள்தான். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி. மஞ்சளை நாக்கில் வைத்துக்கொண்ட கிழவர் தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தியெடுக்க முயன்றார், போன வருடத்துக்கு முந்தின வருடம் தின்றதை. பூசாரி குழாயடியில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுந்தரம்மாள் விலகி நடந்தபோது கூட்டம் பிளந்து வழிவிட்டது. முன்பும் அப்படித்தான் வழிவிடும்.

சீழைத் தின்றார்கள். அப்போது குமட்டவில்லை. நன்றாகக் குணமாகி, கழுவித் துடைத்த, எலும்பும் தோலுமான ஒரு கையின் நோய்ப் பெயரைக் கேட்டதும் குமட்டுகிறது. இந்த மனிதர்களின் நரம்பு எந்த இடத்தில் அடைந்திருக்கிறது என்று எந்தப் பேனா முனையால் தொட்டுப் பார்ப்பது? அன்றைக்கு எனக்குச் சுந்தரம்மாளின் கையைத் தவிர அந்த ஊரில் எல்லாமே அருவருப்பாக இருந்தது என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். எழுத முடியவில்லை. காரணம் அடுத்து நடந்தது.

அரை மணியில் கோயில் காலியானது. தாம்பாளத்து வடைகளை யாரும் தொடவில்லை. சுந்தரம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தார். அர்ச்சுனன் நாலு வடை தின்றார். நதியா ஒன்றை எடுத்தாள். ஈஸ்வரியக்கா இரண்டு எடுத்துக்கொண்டு, "உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

"கரண்டியில எடுத்தா அப்படித்தான்," என்றார் சுந்தரம்மாள்.

எனக்கு ஒன்று எடுத்தார். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்ததால் தாம்பாளத்து வடைகளில் இன்னும் சூடு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பொறுக்காமல், "ஸ்ஸ்" என்று அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் மாற்றி மாற்றி, ஊதி, நீட்டினார்.

வாங்கிக் கடித்தேன். விழுங்க முடியவில்லை.

கிருமி செத்துப் பல மாதம் ஆகிறது. சாப்பாட்டால் பரவுகிற நோயும் இல்லை. கொதித்த எண்ணெயில் வெந்த வடை. எல்லாம் தெரியும், படித்திருக்கிறேன், ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான். ஆனால் நாக்கின் அடியில் உட்கார்ந்திருக்கிற நரம்பு என்னைக் கேட்கவில்லை. அது அந்த அரிசிகளைப் பார்த்திருந்தது. வடை வாய்க்குள்ளேயே நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

சுந்தரம்மாள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், உனுக்குமா?"

கோபம் இல்லை அதில். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சொம்பை என் பக்கம் நகர்த்தினார். தண்ணீர் குடித்தேன். மென்றேன். ஒரு தரம் மேலே வந்தது. அடக்கி, மறுபடி விழுங்கினேன். இறங்குகிற வரை அவர் கண்ணை எடுக்கவில்லை, நதியா ஈர்க்குச்சியோடு காத்திருப்பதுபோல.

இறங்கியது.

"இன்னொண்ணு துன்னு," என்றார், கட்டை விரலால் எடுத்து.

கையை நீட்டினேன். சுட்டது.